ஆடாத கை

ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள் என்று பெயரெடுத்தவளுக்கு, நாள் முழுக்க ஒரே நாற்காலியில் உட்காரும் வேலை கிடைத்தது. போர் என்றால் அப்படித்தான். தையல்காரர் பாராசூட் தைப்பார், பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் எதிரியின் ரேடியோவைக் கேட்பார், பம்பரத்தைப் பிடித்து நாற்காலியில் கட்டிப்போடுவார்கள்.

பம்பரம் என்பது ரயில் நிலையத்துத் தந்தி அறையில் அவளுக்கு விழுந்த பெயர். ரயிலுக்குத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த அப்பா தண்டவாளத்தில் அடிபட்டு இறந்தபின், அம்மாவையும் தம்பியையும் காப்பாற்ற அங்கே சேர்ந்தவள். ஒரு கையால் தந்தி அடிப்பாள், மறு கையால் டீ ஆற்றுவாள், காலால் கதவைச் சாத்துவாள். தந்தி வராத நேரத்திலும் விரல் சும்மா கிடக்காது. மேஜை, முழங்கால், ஜன்னல் கம்பி என்று எது கிடைத்தாலும் அதில் புள்ளியும் கோடுமாகத் தட்டிக்கொண்டே இருக்கும். ஒருமுறை சினிமா கொட்டகையில் முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்த்து, "அம்மா, படம் முடியறதுக்குள்ள என் நாற்காலியில தச்சு வேலையை முடிச்சிடுவீங்களா?" என்று கேட்டார்.

போர் வந்த வருடம் கடற்படைக்காரர்கள் தந்தி அறைகளில் ஆள் தேடினார்கள். காதும் கையும் வேகமாக வேலை செய்கிறவர்கள் வேண்டும். பம்பரத்தை ஐந்து நிமிடம் சோதித்துப் பார்த்துவிட்டு ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். என்ன வேலை என்று பெற்ற தாயிடம்கூடச் சொல்லக் கூடாது. கேட்டால் ரேஷன் ஆபீஸ் என்று சொல்ல வேண்டும்.

அதுதான் வினையாகப் போயிற்று. எதிர்வீட்டுக்காரம்மா முதல் வாரத்திலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, ரேஷன் ஆபீஸ்லதானே இருக்கே? என் கார்டுல ஒரு ஆளைக் குறைச்சுப் போட்டிருக்கான். கொஞ்சம் சொல்லி, சர்க்கரையைச் சரி பண்ணக் கூடாதா?"

"அது என் செக்‌ஷன் இல்லைங்க."

"பின்ன எது உன் செக்‌ஷன்?"

வாயில் வந்ததைச் சொன்னாள். "மண்ணெண்ணெய்."

மறுநாள் காலை அந்தம்மா மண்ணெண்ணெய் டின்னோடு வாசலில் நின்றாள். அதன்பிறகு தெருவில் பம்பரத்தைப் பற்றி நல்ல வார்த்தை கிடையாது. "கவர்மென்ட் வேலை கிடைச்சதும் தலை கனத்துப்போச்சு" என்றார்கள். அம்மாவும் கிட்டத்தட்ட அதே கட்சிதான்.

வேலை நடந்த இடம் மூடிப்போன ஒரு சோப்புத் தொழிற்சாலை. ஜன்னல்களுக்குக் கறுப்பு வண்ணம் அடித்து, கூரையில் கம்பிகளை ஏற்றி, வரிசை வரிசையாக மேஜை போட்டு, மேஜைக்கு ஒரு ரேடியோ வைத்திருந்தார்கள். சுவரெல்லாம் இன்னும் சோப்பு வாசனை. கடையில் கைகழுவ ஒரு துண்டு சோப்பு கிடைக்காத காலத்தில் அது பெரிய கொடுமை. ஹெட்போனைக் கழற்றும்போது நாலு முடி அதோடு வரும். காது இரண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருக்கும்.

அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல் தண்ணீருக்கு அடியில் இருக்கும்வரை ஊமை. தன் கரையோடு பேச வேண்டுமென்றால் மேலே வந்தாக வேண்டும். வந்து, தந்தி மொழியில் நாலு வரி தட்டிவிட்டு மறுபடி முங்கிவிடும். அந்த நாலு வரியைக் காற்றில் பிடித்து எழுதுவதுதான் வேலை. எழுதியதற்கு என்ன அர்த்தம் என்று எழுதியவளுக்கும் தெரியாது, மேலே இருப்பவருக்கும் தெரியாது. எல்லாம் சங்கேத எழுத்து. பூட்டின பெட்டி. சாவி தேடும் வேலையை வேறு ஏதோ கட்டிடத்தில் வேறு யாரோ செய்துகொண்டிருந்தார்கள்.

ஆனால் பூட்டின பெட்டியும் சில சங்கதிகளைக் காட்டிக்கொடுக்கும். எந்தத் திசையிலிருந்து வந்தது, எவ்வளவு உரக்க வந்தது, தட்டியது யார். தந்தி அடிக்கும் கை ஆளுக்கு ஆள் வேறு. ஒருவன் புள்ளியைக் கடித்துத் துப்புவான், இன்னொருவன் கோட்டை ரப்பர் மாதிரி இழுப்பான். கேட்டுக்கேட்டு அந்தக் கைகளுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தார்கள். அவசரக்குடுக்கை, இழுவை, சங்கீதம், விக்கல்.

விக்கல் பம்பரத்தின் ஆள். செய்தியை முடிப்பதற்கு முன்னால் சட்டென்று ஒரு கணம் நின்றுவிடுவான், விக்கல் எடுத்து நிற்கிற மாதிரி. பிறகு ஒரே ஓட்டமாக ஓடி முடிப்பான். ஒரு வருடத்துக்கும் மேலாக அவள் அவனைக் கேட்டுவருகிறாள். அவனுக்குக் களைப்பா, கோபமா, பக்கத்தில் அதிகாரி நிற்கிறாரா என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

"அவன் பொண்டாட்டிக்குக்கூட இவ்வளவு தெரியாதுடி" என்பார் பக்கத்து மேஜை டீச்சர். பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். கணவர் தரைப்படையில். "நீ அவனை விசாரிக்கிற அக்கறையைப் பார்த்தா, போர் முடிஞ்சதும் கல்யாணப் பத்திரிகை வரும்போல இருக்கு."

"வரட்டும் டீச்சர். வந்தா நாலு அறை விட்டுட்டுத்தான் மாலை போடுவேன்."

சிரிப்புக்கு நடுவிலும் அறைக்குக் காரணம் இருந்தது. விக்கல் இருந்த நீர்மூழ்கி லேசுப்பட்டதில்லை. இந்தப் பக்கத்து எண்ணெய்க் கப்பல்களை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தது. வரைபட அறையில் அதற்குப் பெருச்சாளி என்று பெயர். விக்கல் பேசினால் பெருச்சாளி அங்கே இருக்கிறது என்று அர்த்தம். அதை யாரும் ஒரு விதியாக எழுதிவைக்கவில்லை. ஒரு வருடமாக அப்படியே நடந்ததால் எல்லாரும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

சோப்பு காய்ச்சிய பெரிய கூடம்தான் வரைபட அறை. அங்கே இருந்தவர் புரொபசர். கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தியவர். மூக்குக்கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருப்பார். யாரையும் அதட்டிப் பேசி யாரும் கேட்டதில்லை. ஒருநாள் மத்தியானம் பம்பரத்தை அழைத்தார்.

"இந்த வாரம் விக்கல் தினமும் பேசுறானேம்மா. வழக்கமா அவனுக்கு இவ்வளவு வாய் கிடையாதே?"

"வடக்குல நம்ம கப்பல் நிறைய கண்ணுல படுது போல, சார்."

"சத்தமும் அதிகமா இருக்கு. அவ்வளவு தூரத்துல இருந்து இவ்வளவு சுத்தமா வருமா?"

"வானம் சரியா இருந்தா வரும் சார். முன்னயும் வந்திருக்கு."

புரொபசர் வரைபடத்தில் ஒரு கோட்டை விரலால் தடவினார். திசை காட்டும் நிலையங்கள் இரண்டும் அருகருகே இருந்தன. அதனால் சத்தம் வரும் திசை தெரியும், தூரம் தெரியாது. "இந்தக் கோட்டு மேல வடக்குக் கடலும் இருக்கு, அதைத் தாண்டி அவங்க கரையும் இருக்கு. அதனாலதான் திரும்பத் திரும்பக் கேக்கிறேன். அவன்தானா?"

அவளுக்குச் சுருக்கென்றது. கையைப் பற்றி அவளிடமே சந்தேகமா? "சார், என் தம்பி குரலை மாத்திச் சொன்னாலும் சொல்வேன். இந்தக் கையை மாத்திச் சொல்ல மாட்டேன். தலையை வேணா அடகு வைக்கிறேன். அவனேதான்."

புரொபசர் மேற்கொண்டு கேட்கவில்லை. பெருச்சாளி வடக்கே என்று மேலிடத்துக்குச் செய்தி போயிற்று.

இரண்டு நாளில் தம்பி பெட்டி கட்டினான். எண்ணெய்க் கப்பலில் எஞ்சின் அறை வேலை அவனுக்கு. அவளைவிடப் பத்து வயது சின்னவன். பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் ஒளிந்தவனைக் காலைப் பிடித்து இழுத்துப் படிக்கவைத்தது அவள்தான். பெட்டிக்குள் ஸ்வெட்டரை வைத்தாள். அவன் எடுத்து வெளியே போட்டான்.

"வேண்டாம்க்கா. இந்தத் தடவை வெயில் பக்கமாத்தான் போறோம்."

தெற்குப் பாதை. யாரும் சொல்லாமலே அவளுக்குப் புரிந்தது. பெருச்சாளி வடக்கே இருப்பதால் எண்ணெய்க் கப்பல் கூட்டத்தைத் தெற்கே அனுப்புகிறார்கள். தன் வாய் வார்த்தை தம்பியைச் சுற்றி வேலி போட்டுவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. அன்றைக்கு எதிர்வீட்டுக்காரம்மாவைப் பார்த்துக்கூடச் சிரித்தாள். அந்தம்மாவுக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

கப்பல்கள் கிளம்பி நாலைந்து நாள் ஆகியிருந்தது. பம்பரம் பகல் ஷிப்ட் முடித்து பஸ் ஏறினாள். ராணுவ லாரிகள் ஓடி ஓடிக் குதறிப்போட்ட சாலை. உட்கார இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல் தன்பாட்டுக்குத் தட்டத் தொடங்கியது. அன்று மத்தியானம் விக்கல் அனுப்பிய செய்திதான். அவளுக்கு ஒருமுறை கேட்டது அப்படியே மனதில் நிற்கும்.

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. விரல் தவறிற்று. புள்ளி கோடாகிவிட்டது. முதலிலிருந்து தட்டினாள். மறுபடி ஒரு பள்ளம், மறுபடி தவறிற்று. இந்த முறை கோடு இரண்டாக உடைந்தது. எரிச்சலோடு மூன்றாம் முறை தொடங்கினாள். நடுவில் நிறுத்திவிட்டாள்.

காலையில் டீச்சர் பிடித்த செய்திகளில், போரில் எந்தப் பக்கமும் சேராத நாட்டுச் சரக்குக் கப்பல்களின் புலம்பல் நிறைய இருந்தது. வடக்கே பெரும் புயல், இரண்டு மூன்று நாளாக அலை மலை மாதிரி எழும்புகிறது, ஒதுங்க இடம் வேண்டும் என்று. டீச்சர் அதை எழுதிக்கொண்டே, "பாவம், வயித்துல ஒண்ணும் தங்காது இவங்களுக்கு" என்றார்.

அந்தப் புயலுக்கு நடுவில் விக்கல் கோடு போட்ட நோட்டில் எழுதுகிற பிள்ளை மாதிரி தட்டியிருக்கிறான். ஒரு பிசிறு இல்லை. போன குளிர்காலத்துப் புயலில் இதே கை எப்படி இருந்தது? நீர்மூழ்கி உருண்ட உருட்டலில் புள்ளியெல்லாம் சிதறி, கோடெல்லாம் இழுபட்டு, ஒரே வரியை மூன்று தடவை திருப்பி அனுப்பினான். அவளும் அவனோடு சேர்ந்து திட்டினாள்.

"நிறுத்துங்க! வண்டியை நிறுத்துங்க!"

கண்டக்டர் திரும்பினார். "ஸ்டாப் இன்னும் வரலைம்மா."

"வண்டி ஆடுது!"

"ஆடாம என்னம்மா பண்ணும்? ரோடு அந்த லட்சணத்துல இருக்கு."

"அதைத்தான் சொல்றேன். ஆடணும்! ஆடாம இருக்கக் கூடாது!"

பஸ்ஸில் ஒரு சிரிப்பலை எழுந்தது. "இறக்கி விட்டுடுப்பா, வெயில் தலைக்கேறிடுச்சு" என்றது ஒரு குரல். வண்டி மெதுவானதும் குதித்தாள். வந்த வழியே ஓடினாள். செருப்பு ஒன்று அறுந்தது. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டாள்.

தொழிற்சாலை வாசலில் கேட்டுக்காரர் வழிமறித்தார். பழைய போலீஸ்காரர். ஆர்டர் என்றால் ஆர்டர்.

"ஷிப்ட் முடிஞ்சு போனவங்களைத் திரும்ப உள்ள விடக் கூடாது."

"அண்ணே, என்னைத் தினமும் பார்க்கறீங்களே!"

"தினமும் உள்ள போறதைத்தான் பார்க்கறேன். செருப்பைக் கையில வெச்சுக்கிட்டுத் திரும்பி ஓடி வர்றதை இன்னிக்குத்தான் பார்க்கறேன். அதான் சந்தேகமா இருக்கு."

"புரொபசரைக் கூப்பிடுங்க."

"அவர் சாப்பிடறார். நேரங்கெட்ட நேரத்துலதான் அந்த மனுஷன் சாப்பிடறதே."

"சரி, தொந்தரவு பண்ண வேண்டாம். அவர்கிட்ட சொல்ல வேண்டியதை இங்கேயே நின்னு கத்திச் சொல்லிடறேன். ரோட்டுல போறவங்க எல்லாரும் கேட்கட்டும். நாளைக்கு யார் வாசல்ல ரகசியம் வெளிய போச்சுன்னு விசாரணை வந்தா நீங்களே பதில் சொல்லுங்க."

கேட்டுக்காரர் அவளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். டெலிபோனை எடுத்தார்.

புரொபசர் வாயைத் துடைத்துக்கொண்டே வந்து உள்ளே அழைத்துப்போனார். வரைபட அறைக் கதவைச் சாத்தும்வரை அவள் பொறுக்கவில்லை.

"சார், விக்கல் கடல்ல இல்ல. தரையில உட்கார்ந்திருக்கான். அவனைக் கப்பலைவிட்டு இறக்கிக் கரையில ஒரு மேஜை முன்னால உட்கார வெச்சிருக்காங்க. நாம அவன் கையைக் கேட்போம்னு தெரிஞ்சே பண்றாங்க. நான் ஆளைச் சரியாத்தான் சொன்னேன். கப்பலைத் தப்பாச் சொல்லிட்டேன்."

புயலைச் சொன்னாள். கையைச் சொன்னாள். பஸ்ஸையும் சொன்னாள். புரொபசர் கண்ணாடியைக் கழற்றி, நூல் கட்டிய காதைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"உன் தம்பி அந்தத் தெற்குக் கூட்டத்துல இருக்கான், இல்லையா?"

"இருக்கான்."

"நான் மேல சொன்னதும் அவங்க கேக்கப்போற முதல் கேள்வி அதுதான். போன வாரம் தலையை அடகு வெச்ச பொண்ணு இன்னிக்கு மாத்திப் பேசுதுன்னா, தம்பி மேல இருக்கிற பாசத்துல பயந்துபோச்சும்பாங்க."

"பயந்துதான் சார் வந்தேன். பயந்தவளுக்குக் காது கேக்காதா?"

புரொபசர் எழுந்து அலமாரியைத் திறந்தார். முக்கியமான சில சத்தங்களை ஒரு கருவி காகித நாடாவில் மையால் மேடு பள்ளமாக வரைந்துவைக்கும். போன குளிர்காலத்து நாடா ஒன்றையும் இந்த வாரத்து நாடாக்களையும் மேஜை நீளத்துக்கு விரித்தார். அளவுகோலை எடுத்துக் கோடுகளை அளக்கத் தொடங்கினார். பம்பரம் அறைக்குள் சுவருக்குச் சுவர் நடந்தாள். கதவுவரை போனாள், ஜன்னல்வரை வந்தாள், நாற்காலியைத் தள்ளினாள், மறுபடி இழுத்தாள்.

"அம்மா, நீ நடந்தா மேஜை ஆடுது. கொஞ்சம் உட்காரு."

உட்கார்ந்தாள். அவளுடைய வாழ்க்கையிலேயே மிகக் கடினமாக உட்கார்ந்தது அப்போதுதான்.

பழைய நாடாவில் ஒரு கோடு போல இன்னொன்று இல்லை. புது நாடாவில் எல்லாக் கோடும் ஒரே வார்ப்பு. நீர்மூழ்கியின் மின்கலம் சோர்ந்தால் சத்தத்தில் வரும் இழுப்பைக்கூட எதிரி செயற்கையாகச் சேர்த்திருந்தான். அலையைச் சேர்க்க மறந்துவிட்டான். புரொபசர் அளவுகோலைக் கீழே வைத்தார். "நான் ரெண்டு தடவை கேட்டேன். மூணாவது தடவை கேட்டிருக்கணும்" என்று தனக்குத்தானே சொன்னார்.

"சரி. பெருச்சாளி வடக்கே இல்ல. எங்கே?"

அதுதான் அவளுக்கும் தெரியாது. ஆனால் விக்கல் இறங்கினால் அந்த இடத்தில் வேறு ஒருவன் ஏறியிருக்க வேண்டும். டீச்சர் இரட்டை ஷிப்டில் இன்னும் மேஜையில்தான் இருந்தார். அவரை அழைத்தார்கள்.

"புதுக் கை ஏதாவது கேட்டீங்களா டீச்சர்?"

"ஒரு கத்துக்குட்டி வந்தான். முந்தாநாள். ரெண்டே ரெண்டு வரி, அதுலயும் நாலு தப்பு. யாரோ பயிற்சி எடுக்கிறாங்க, அவங்க கரையோரத்துப் புதுக் கப்பல்னு நினைச்சு ஒதுக்கி வெச்சுட்டேன்." டீச்சர் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். "ஏன்? என்ன ஆச்சு?"

கத்துக்குட்டியின் திசையைப் புரொபசர் வரைபடத்தில் இழுத்தார். கோடு தெற்கே இறங்கி, எண்ணெய்க் கப்பல்கள் போகும் பாதையைக் குறுக்கே வெட்டியது. அந்த இடத்துக்குக் கப்பல்கள் போய்ச்சேர இன்னும் ஒருநாள் ஓட்டம்கூட இல்லை.

டெலிபோனில் புரொபசர் வெகுநேரம் பேசினார். மறுமுனையில் இருந்தவருக்குக் குரல் பெரிது. பம்பரத்துக்கே பாதி கேட்டது. புரொபசர் சொன்னபடியே தம்பியைப் பற்றிய கேள்வியும் வந்தது.

"ஆமா, அந்தம்மாவோட தம்பி அதுல இருக்கான்" என்றார் புரொபசர். "எல்லாருக்கும் யாரோ ஒருத்தர் எங்கேயோ இருக்காங்க, சார். என் அளவுகோலுக்குச் சொந்தபந்தம் யாரும் இல்ல. நான் அளந்து பார்த்துட்டுத்தான் பேசறேன்."

கொஞ்சநேரம் கழித்து டெலிபோனை வைத்தார். "திருப்பச் சொல்லிட்டாங்க. வடக்கே, புயலுக்குள்ள."

கட்டளை காற்றில் போயிற்று. பதில் வராது, வரவும் கூடாது. கப்பல் கூட்டம் வாய் திறந்தால் இருக்குமிடம் எதிரிக்குத் தெரிந்துவிடும். கேட்டார்களா, கேட்கவில்லையா, திரும்பினார்களா என்று அறிய வழியே இல்லை.

மறுநாள் மத்தியானம் விக்கல் வழக்கம்போல வந்தான். வழக்கம்போல எழுதினாள். எதிரி இன்னும் என்ன சொல்லி ஏமாற்றப் பார்க்கிறான் என்று மேலிடத்துக்குத் தெரிய வேண்டுமாம். இத்தனை நாள் அவன் நிற்கும்போது அவளும் மூச்சை நிறுத்துவாள். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒரு மேஜைமுன் கால் நீட்டி உட்கார்ந்து அவன் தன்னை ஏய்த்திருக்கிறான். எழுதி முடித்ததும் கத்துக்குட்டியின் அலைவரிசைக்கு முள்ளைத் திருப்பினாள். அதில் ஒன்றுமில்லை. கரகரப்பு மட்டும்.

அதற்கு மறுநாள் கத்துக்குட்டி வந்தான். இந்த முறை தப்பே இல்லை. கை பறந்தது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை வீட்டுக்கு ஓடுகிற ஓட்டம். கரையிலிருந்து உடனே பதில். ஒரு வருடமாக அவள் இதைக் கேட்டிருக்கிறாள். செய்தியின் நீளம், பதிலின் அவசரம் எல்லாம் பழகியவை. பெருச்சாளி எதையோ கடித்துவிட்டது.

"ஒரு கப்பல் உதவி கேட்டுச்சு" என்றார் டீச்சர், ஹெட்போனைக் கழற்றாமலே. "பேரோட முதல் ரெண்டு எழுத்துதான் வந்துச்சு. அப்புறம் நின்னுபோச்சு."

"என்ன எழுத்து?"

டீச்சர் சொன்னார். அந்த நிறுவனத்தின் எண்ணெய்க் கப்பல்கள் எல்லாவற்றுக்கும் அதே இரண்டு எழுத்தில்தான் பெயர் தொடங்கும்.

வீட்டில் அம்மா தட்டைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "ரேஷன் ஆபீஸ்ல அப்படி என்னடி தலைபோற வேலை? ரெண்டு நாளா ஒரு வாய் இறங்கல."

"தணிக்கை வருதும்மா."

"வந்தா வரட்டுமே. நீ என்ன திருடினியா?"

பம்பரம் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவி வைத்ததை எடுத்து மறுபடி கழுவினாள். வாசலில் யார் நடந்தாலும் அவள்தான் முதலில் எட்டிப் பார்த்தாள். தபால்காரர் தெருவில் நுழைந்தால் அடுக்களைக்குள் போய்விடுவாள். ஒருநாள் அவர் இந்த வீட்டு முன்னால் நின்று மணியடித்தார். கையில் தந்தி. வருடக்கணக்காகத் தந்தி அடித்தவளுக்கு அதைப் பிரிக்கக் கை வரவில்லை. அம்மாதான் பிரித்தாள்.

தம்பி கரை சேர்ந்துவிட்டான்.

அம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுதாள். பம்பரம் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். வெகுநேரம் எழவில்லை. எதிர்வீட்டுக்காரம்மா ஓடி வந்து, என்ன ஏது என்று கேட்டு, நல்ல சேதி என்று தெரிந்ததும் தன் கணக்கில் கொஞ்சம் அழுதாள்.

ஒரு வாரம் கழித்துத் தம்பி வந்தான். இடது கை கட்டுப்போட்டுக் கழுத்தில் தொங்கியது. கன்னம் ஒட்டியிருந்தது. சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தான்.

"எந்த மடையனோ நடுக்கடல்ல திருப்பிவிட்டான்க்கா. ஜம்முனு வெயில்ல போயிக்கிட்டிருந்தோம். திடீர்னு வடக்கே திரும்புன்னு உத்தரவு. திரும்பினா புயலு. மூணு நாளு தலை எது கால் எதுன்னு தெரியல. எஞ்சின் ரூம் ஏணியில இருந்து விழுந்து கை போச்சு. கரையில நாற்காலியைத் தேச்சுக்கிட்டு மேப்புல கோடு போடறவனுக்கு என்ன தெரியும் நம்ம பாடு?"

"அவன் நாசமாப் போக" என்றாள் அம்மா.

"அம்மா!" என்றாள் பம்பரம். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சாப்பிடற நேரத்துல சாபம் எதுக்கு? ஏண்டா, எல்லாக் கப்பலும் வந்து சேர்ந்துச்சா?"

அவன் கை தட்டிலேயே நின்றது.

"ஒண்ணு வரல. எங்களுக்குப் பின்னால வந்துக்கிட்டிருந்தது. எஞ்சின் மக்கர் பண்ணி ரொம்பப் பின்தங்கிடுச்சு. ரேடியோவுல கேக்கற பக்கம் பழுதோ என்னமோ, திரும்பச் சொன்னது அதுக்குக் கேக்கல. நேராவே போச்சு. விளக்கடிச்சுப் பார்த்தோம், அதுக்குள்ள ரொம்ப தூரம் ஆயிடுச்சு."

"எத்தனை பேருடா?"

"நாப்பது பேருக்கு மேல இருப்பாங்க. அதுல ஒரு எலக்ட்ரீஷியன் எனக்குப் பழக்கம். துறைமுகத்துல என்கிட்ட ஸ்க்ரூடிரைவர் வாங்கிட்டுப் போனான். ஊர் போய்ச் சேர்ந்ததும் தர்றேன்னான்." வாயைத் துடைத்துக்கொண்டான். "நல்லா மிமிக்ரி பண்ணுவான்க்கா. எங்க கேப்டன் இருமறதை அப்படியே இருமிக் காட்டுவான்."

அம்மா உச்சுக்கொட்டினாள். பம்பரம் தம்பியின் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். பஸ் பள்ளத்தில் இறங்கியது ஒருநாள் முன்னால் இறங்கியிருந்தால்? தலையை அடகு வைக்கிறேன் என்று சொல்லாமல், தெரியலை சார், ஆள் அவன்தான், கப்பல் எங்கேன்னு எனக்குத் தெரியலை என்று மட்டும் சொல்லியிருந்தால்? கப்பல்களைத் திருப்பிய மறுநாளே புரொபசர் ஒரு காரியம் செய்திருந்தார். இனிமேல் மேஜையில் இருப்பவர்கள் கையை மட்டும் சொல்ல வேண்டும், கப்பல் எங்கே என்பதை வரைபட அறை தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். இதை அந்த எலக்ட்ரீஷியன் வீட்டுக்கு யார் போய்ச் சொல்வது? சொல்லலாமா? தம்பியிடமே சொல்ல முடியாது. அவன் இன்னும் நாலு ஊருக்குப் போய் மடையன், மடையன் என்று சொல்லிக்கொண்டுதான் இருப்பான். சொல்லட்டும். சொல்ல அவனுக்கு உயிர் இருக்கிறது.

"கை ஆறினதும் வேற வேலை பாருடா" என்றாள் அம்மா.

"ஆறவரைக்கும் எங்கம்மா விடறாங்க? ஒத்தைக் கையால வால்வு திருகலாம்னுட்டாங்க. அடுத்த வாரம் கிளம்பறேன்."

பம்பரம் நிமிர்ந்தாள். "அடுத்த வாரமா? எந்தப் பக்கம்?"

அவன் அம்மாவை ஒரு பார்வை பார்த்தான். பிறகு அக்காவின் பக்கம் குனிந்து, பெரிய மனுஷன் மாதிரிக் குரலைக் கட்டிக்கொண்டு சொன்னான்:

"அதெல்லாம் ரகசியம்க்கா. வீட்டு மனுஷங்ககிட்டகூட மூச்சு விடக் கூடாதுன்னு ஆர்டர்."

"விடாதே" என்றாள் அவள். "யார்கிட்டயும் விடாதே."

மறுநாள் அவள் வழக்கமாகப் போகும் பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டாள்.